பாட்டுக்குப் பெட்டி இல்லை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கூதிர்ப் பருவத்தை நம் இல்லங்களில் வரவேற்கும் முறைபற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எங்கள் குடும்பத்தைப் பணித்தனர். நாங்கள் புலவர் அல்லேம், ஆராய்ச்சியாளரும் அல்லேம். இல்லத்தார் அனைவரும் ஒரு மாலை கூடியிருந்து நினைவுகூர்ந்தவற்றையே எழுதிக் கொணர்ந்திருக்கிறோம். ஆதலின், படிப்பவர் ஒருவரேயாயினும் பேசுவோர் பலர் என்று கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பொழுதாகப் பகுத்தவர் நம் முன்னோர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். தமிழ்நாட்டில் அது வாடையோடும் அடைமழையோடும் வரும். டில்லியிலோ நிலைமை நேர்மாறு. செப்டம்பர் இறுதியில் மழை விடைபெறும். கழுவித் துடைத்தாற்போல வானம் தெளியும். மாலைக் காற்றில் மெல்லிய குளிர் தலைகாட்டும். அக்டோபர் இரவுகளில் தெருவோரத்து ஏழிலைப்பாலை மணம் வீசும். விடியற்காலையில் பவழமல்லி தானே உதிர்ந்து தரையை நிறைக்கும். இந்நாட்டு மக்கள் இதனைச் சரத்காலம் என்பர். நவராத்திரி பெரும்பாலும் புரட்டாசியில் வருதலின், நம் கணக்கில் அது காரின் கடைநாள், கூதிரின் தலைவாயில். வாயிலுக்குக் கோலம் இட்டு விருந்தினரை வரவேற்பதுபோல், வரும் பருவத்தை ஒன்பது இரவு வரவேற்கிறோம் எனலாம்.

பருவத்தை இல்லத்துள் வரவேற்பது புதிய வழக்கமும் அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் ஒரு மாலையைக் காட்டுகிறார். மேகம் மூடிக் கிடத்தலால் பொழுது போனது தெரியவில்லை. பெண்டிர் பூந்தட்டில் இட்டு வைத்த பிச்சி அரும்புகள் மலர்ந்து மணக்கவே, மாலை வந்தது என அறிகின்றனர். உடனே விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். அங்கே விலை கொடுத்து வாங்கிய அலங்காரம் எதுவும் பேசப்படவில்லை. வீட்டில் இருந்த நெல், வீட்டில் இருந்த பூ, வீட்டில் இருந்த விளக்கு, அவற்றை எடுத்த கை. இவையே போதுமானவையாக இருந்தன.

பாரதநாடு முழுவதும் இப்பருவத்து இரவுகள் இவ்வாறே அமைந்திருப்பதை எண்ணி வியக்கிறோம். தெலுங்கானத்துப் பெண்டிர் மகாளய அமாவாசை தொடங்கி ஒன்பது நாள் ஆவாரம்பூவையும் பிற காட்டுப் பூக்களையும் வட்ட வட்டமாக அடுக்கிப் பதுகம்மா சமைத்து, அதனைச் சுற்றிக் கைகொட்டிப் பாடுவர். மராட்டியச் சிறுமியர் யானை உருவம் எழுதிய மணையை நடுவில் வைத்துப் போண்ட்லா பாடிச் சுற்றுவர். பாட்டு முடிந்ததும், மூடி வைத்த பண்டம் இன்னதென்று ஊகித்துச் சொன்ன பிறகே உண்ணக் கிடைக்கும். குஜராத்தில் துளையிட்ட மண்குடத்துள் விளக்கேற்றி அதனைச் சூழ்ந்து ஆடுவர். நமக்கோ கொலுவும் கும்மியும் கோலாட்டமும். மண், பூ, விளக்கு, பெண்டிர் குரல் என்னும் இந்நான்கும் எங்கும் மாறவில்லை.

இனி எங்கள் வீட்டுச் செய்தியைச் சொல்ல இசைவு தரவேண்டும்.

தந்தையார் மத்திய அரசுப் பணி ஏற்று 1962-இல் இந்நகருக்கு வந்தார். அன்னையார் உடன் கொணர்ந்த தகரப் பெட்டியில் வைக்கோலுக்கும் பழந்துணிக்கும் இடையே ஒரு மரப்பாச்சி இணையும் பண்ணுருட்டிப் பொம்மைகள் சிலவும் இருந்தன. அப்பெட்டியும் பிற பெட்டிகளுமே கொலுப் படிகள். அவற்றின்மேல் தந்தையாரின் வெள்ளை வேட்டி. வண்ணத்தாளை மடித்து வெட்டித் தோரணம் கட்டுவோம். தீப்பெட்டிகளை ஒட்டித் தேர் செய்வோம். உடைந்த முகக்கண்ணாடி தெப்பக்குளம் ஆகும். தட்டில் மணல் பரப்பிக் கடுகும் வெந்தயமும் தூவினால் சில நாளில் தோட்டம் முளைத்துவிடும். மரத்தூளுக்குச் சாயம் ஏற்றிச் சாலை போடுவோம். இவை யாவும் சிறுவர் பொறுப்பு. பாட்டு மட்டும் அன்னையார் பொறுப்பு. தம் பாட்டியாரிடம் கற்ற கும்மி ஒன்றை ஒன்பது நாளும் விளக்கேற்றியதும் பாடுவார். அதனைக் கேட்டோம், தாளம் போட்டோம், கற்றுக்கொள்ளவில்லை. அன்னையார் இருக்கிறார் என்னும் துணிவுதான் காரணம்.

காலம் செல்லச் செல்லக் கொலு வளர்ந்தது. மூன்று படி ஒன்பது படி ஆயிற்று. பொம்மைகள் விலைக்கு வந்தன; தோரணமும் விலைக்கு வந்தது; மின்விளக்குச் சரமும் வந்தது. பாட்டோ முன்போலவே ஒரே ஒரு குரலில் நின்றது.

2017-ஆம் ஆண்டுத் தை மாதத்தில் அன்னையார் மறைந்தார். அவ்வாண்டு கொலு வைக்கவில்லை. 2018-இல் மீண்டும் படிகளை அடுக்கினோம். பழந்துணியை அவிழ்த்தபோது ஒரு பொம்மையின் மூக்குக்கூடச் சிதையாமல் இருந்தது. விளக்கேற்றினோம். அப்போது பேத்தி, “பாட்டி பாடும் கும்மியைப் பாடுங்கள்” என்றாள். பாடத் தொடங்கினோம். இரண்டு அடி வந்தது. மூன்றாம் அடி யாருக்கும் வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உடனே ஒருவர் கைப்பேசியில் ஏதோ ஒரு கும்மியை ஒலிக்கச் செய்தார். இனிய குரல்தான், பக்க இசையும் குறைவின்றி இருந்தது. “இது பாட்டி பாட்டு இல்லை” என்று குழந்தை சொல்லிவிட்டாள். பெட்டியில் வைத்த பொம்மை அத்தனையும் பிழைத்திருந்தன. பெட்டியில் வைக்க இயலாத பாட்டு போய்விட்டது.

அன்று கூடத்தின் ஓரத்தில் அண்டை வீட்டு மூதாட்டியார் அமர்ந்திருந்தார். ரோத்தக் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். எங்கள் குழந்தைகள் அவரைத் தாதி என்றே அழைப்பர். ஆண்டுதோறும் ஒன்பது மாலையும் வந்து குங்குமமும் சுண்டலும் பெற்றுச் செல்வது அவர் வழக்கம். தமிழில் ஒரு சொல்லும் அறியார். அவர் கையை உயர்த்தி, “பஹன் இதை இவ்வாறன்றோ பாடுவார்” என்று இந்தியில் கூறி, சொல்லின்றி மெட்டை மட்டும் முனகினார். முதலடி முதல் இறுதியடி வரை, இடையில் அன்னையார் மூச்சுக்கு நிறுத்தும் இடம் உட்பட, அம்மெட்டு முழுதும் அவரிடம் இருந்தது! பெற்ற மக்களாகிய நாங்கள் இழந்ததை, மொழி அறியாத அண்டை வீட்டார் காத்து வைத்திருந்தார். எங்களுக்கு நாணமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

மறுநாளே கும்பகோணத்தில் வாழும் சிற்றன்னையாரைத் தொலைபேசியில் அழைத்தோம். தாதியின் மெட்டைக் கேட்டதும் அவருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான்கு கண்ணிகள் கிடைத்தன. ஐந்தாவது ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியும், சொற்கள் தெரியவில்லை. அதனை இன்றுவரை நாங்கள் பெறவில்லை. இனிப் பெறுவோம் என்ற நம்பிக்கையும் இல்லை. எங்கள் குறிப்பேட்டில் அதற்கென ஒரு பக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.

பிறகுதான், “தங்கள் ஊரில் இந்நாட்களில் என்ன பாடுவீர்கள்?” என்று தாதியை முதன்முறையாகக் கேட்டோம். இத்தனை ஆண்டு கேட்கவில்லையே என்பதும் ஒரு குறைதான். அவர் சாஞ்சியைப் பற்றிச் சொன்னார். அரியானாவிலும் டில்லியைச் சூழ்ந்த ஊர்களிலும் நவராத்திரி நாட்களில் சிறுமியர் செய்யும் அம்மன் உருவம் அது. களிமண்ணால் சிறு சிறு விண்மீன்கள் செய்து உலர்த்தி, சுண்ணாம்பும் வண்ணமும் தீட்டுவர். சாணம் பூசிய சுவரில் அவற்றை ஒட்டி ஒட்டி உடலாக்கி, முகமும் கையும் அணிகலனும் பொருத்துவர். அருகே சூரியனும் சந்திரனும் இருக்கும். மாலைதோறும் சிறுமியர் அதன்முன் கூடிப் பாடி உணவு படைப்பர். இறுதியில் முகத்தை எடுத்துத் துளையிட்ட பானையில் விளக்கோடு வைத்து ஊர்க்குளத்தில் மிதக்கவிடுவர்.

தாதி நகரத்துக்கு வந்தபின் அதனைச் செய்யவில்லை. வாடகை வீட்டுச் சுவரில் சாணம் பூச யார் ஒப்புவர்? அச்சடித்த சாஞ்சிப் படம் கடையில் கிடைக்கிறது. அதனை வாங்க அவருக்கு மனம் இல்லை. ஆகவே 2019-இல் பழைய மரப்பலகை ஒன்றை எங்கள் கொலுவுக்கு அருகே சார்த்தி வைத்தோம். குயவரிடம் களிமண் வாங்கினோம். குழந்தைகள் ஒரு வாரம் விண்மீன் செய்தனர். சில ஐந்து முனை; சில நான்கு முனை; சில எம்முனையும் இல்லாதவை. தாதி எதனையும் தள்ளவில்லை. அவ்வாண்டு ஒவ்வொரு மாலையும் ஒரு கும்மி, ஒரு சாஞ்சிப் பாட்டு. விசயதசமியன்று பொம்மை ஒன்றைப் படுக்க வைத்துக் கொலுவை முடித்தோம். சாஞ்சியின் முகத்தை முற்றத்துத் தொட்டி நீரில் விளக்கோடு மிதக்கவிட்டோம். கரைந்த மண்ணை மரத்தடியில் சேர்த்தோம்.

தாதி இப்பொழுது மகனோடு ஊருக்குச் சென்றுவிட்டார். அவர் பாடிய பதினொரு பாட்டும் எங்கள் குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் உள்ளன. குழந்தைகள் தொலைபேசியில் பாடிக் காட்டும்போது, அவர் பிழை திருத்துகிறார்.

பெரியோர்களே, நாட்டுப்பாடலைத் திரட்டுவது அறிஞர் பணி என்று எண்ணிவிடலாகாது. பேராசிரியர் நா. வானமாமலை 1964-இல் “தமிழர் நாட்டுப்பாடல்கள்” நூலை வெளியிட்டார். பஞ்சாபில் 1908-இல் பிறந்த தேவேந்திர சத்தியார்த்தி ஊர் ஊராக அலைந்து பல மொழிப் பாடல்களைச் சேர்த்தார். பின்னர் இந்நகரில் வாழ்ந்து 2003-இல் மறைந்தார். அவர்கள் அருந்தொண்டு செய்தனர். ஆயினும் உங்கள் வீட்டுப் பாட்டியார் பாட்டைத் தேடி எந்த அறிஞரும் உங்கள் மாடிப்படி ஏறி வரப்போவதில்லை. அவ்வீட்டுப் பிள்ளைகளே அதற்கு உரியவர்.

ஆதலின் வரும் நவராத்திரிக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறோம். முதலாவது: ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவர் ஒருவரின் பாட்டு ஒன்றையேனும் முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசி பாடியது போதும். அவர்கள் பாட, அது கேட்டுப் பதிந்துகொள்ளட்டும். கேட்பதோடு நில்லாமல் இளையோர் ஒருவர் அதனைப் பாடவும் கற்கட்டும். இரண்டாவது: கொலுவில் ஒரு படியையாவது குழந்தைகள் கையால் செய்த பொருளுக்கு ஒதுக்குங்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும். மூன்றாவது: கொலுவுக்கு வரும் அண்டை அயலார்க்குச் சுண்டல் கொடுத்து அனுப்பிவிடாமல், அவர்கள் பாட்டையும் கேளுங்கள்.

இம்மன்றத்தில் எங்கள் அன்னையாரின் வயதை ஒத்த தாய்மார் பலர் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். இன்றிரவு வீடு திரும்பியதும் அவர்களைக் கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறிய ஐந்தாம் கண்ணி எங்கள் வீட்டோடு போகட்டும்.