சுவர் மூச்சு விடட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பழைய வீடு ஒன்றை அருங்காட்சியகமாக மாற்றிய அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். சாதித்ததை அல்ல, செய்த தப்பைச் சொல்லப் போகிறேன். மாணவர்களுக்கு அதுதான் உபயோகம்.

2009-இல் காவிரிக் கரை ஊர் ஒன்றில், விடுதலைப் போராட்டத் தியாகி ஒருவரின் வீடு என் பொறுப்பில் வந்தது. திண்ணை, ரேழி, முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ் போட்ட மாடி. தேக்கு விட்டம், செங்கல், சுண்ணாம்புச் சாந்து, அவ்வளவுதான்.

முதல் சிக்கல் பாரம். ஐ.எஸ். 875 விதிப்படி, வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும். அருங்காட்சியகத்துக்கு 400 வேண்டும். ஒரு குடும்பம் நடமாடிய மாடியில் ரெண்டு பஸ் பள்ளிப் பிள்ளைகள் ஏறினால் என்ன ஆகும்? இரும்பு கர்டர் கொடுக்கலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. "ஒரு தடவைக்குப் பத்து பேர் மட்டும்" என்று போர்டு வைத்தோம். வீடு வீடாகவே இருந்தது.

அந்தத் தலைக்கனமோ என்னவோ, அடுத்ததில் சறுக்கினேன். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. கூடத்துச் சுவரில் பூச்சு உதிர்ந்திருந்தது. சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, கடுக்காய் வெல்லத் தண்ணீர் விட்டு அரைத்துப் பூச நாளாகும். "சிமெண்ட் பூசுங்கப்பா, ஒரு வாரத்துல முடிஞ்சுடும்" என்றேன். விழா ஜோராக நடந்தது.

ஐப்பசி அடைமழை வந்தது. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், சுண்ணாம்புப் பூச்சு என்றால் வெளியே ஆவியாகிவிடும். சிமெண்ட் அதை மறித்தது. ஈரம் இன்னும் மேலே ஏறி உப்புப் பூத்தது. அந்தச் சுவரில்தான் தியாகியின் மகள் தந்த குடும்பப் படம் மாட்டியிருந்தோம். அவருடைய அம்மா இருக்கும் ஒரே படம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, முகமே போய்விட்டது.

எண்பது வயதைத் தாண்டியவர் அவர். நானே நேரில் போய்ச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சுவரு மூச்சு விடணும்னு எங்க கொத்தனார் சொல்லுவாரு தம்பி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பே பூசினோம். அந்த அம்மாளை நாற்காலி போட்டு உட்கார வைத்து, எந்த மூலை ஒழுகும், எந்தச் சன்னலைச் சாத்தக் கூடாது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. படம் திரும்ப வரவில்லை.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை இராமானுஜன் வீட்டைப் பாருங்கள். 2003 முதல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. சின்ன வீடு. சன்னலோரம் ஒரு கட்டில். அதன் பக்கத்தில் நின்றாலே மனசு நிறைகிறது. அலங்காரம் எதற்கு?

மாணவச் செல்வங்களே, பழைய வீடு உங்கள் கைக்கு வந்தால், டேப் பிடிக்குமுன் அங்கே வாழ்ந்தவர்களோடு திண்ணையில் உட்காருங்கள். அசல் படத்தைப் பத்திரப்படுத்தி, நகலை மாட்டுங்கள். தேதிக்காகச் சுவரை அவசரப்படுத்தாதீர்கள்.