திறக்கிறதா என்று பார்த்தோம், பூட்டியிருக்கிறதா என்று பார்க்கவில்லை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் கணினி படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் படித்தது பொதுத்தொடர்புத் துறையில் டிப்ளோமா. கேமரா முன் நின்று பேசுவது என் தொழில். "வெப் செர்வர் பாதுகாப்பைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு தவற்றில் எனக்கும் பங்கு இருந்தது. அந்தத் தவற்றைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் ஒரு முன்னாள் மாணவர் சங்கத்தில் செயலவை உறுப்பினர். சங்கத்தின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. தொழில்நுட்ப வேலைகளை, கணினித் துறையில் வேலை செய்யும் எங்கள் தம்பி ஒருவர் காசு வாங்காமல் செய்து கொடுத்தார். தளத்தில் பொதுமக்கள் பார்க்கும் பக்கங்கள் உண்டு. கடவுச்சொல் கொடுத்தால் மட்டுமே திறக்கும் ஒரு பகுதியும் உண்டு. அதில் முந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை எண் எல்லாம் ஒரே பட்டியலாக இருந்தன.

எங்கள் செர்வரில் ஓடியது அப்பாச்சி என்ற மென்பொருள். நீங்கள் ஓர் இணைய முகவரியைத் தட்டினால், அந்தப் பக்கத்தை எடுத்து உங்களுக்கு அனுப்பி வைப்பது இதுபோன்ற மென்பொருள்தான். அப்பாச்சி 1995ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, இலவசமானது. அதன் 2.2 வரிசை 2005 இறுதியில் வந்தது. 2.4 வரிசை 2012இல் வந்தது. 2017இல் பழைய 2.2க்குக் கடைசி வெளியீடு வந்தது. அதற்குப் பிறகு அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே 2018இல் நாங்களும் 2.4க்கு மாற முடிவு செய்தோம். முடிவு சரியானது. செய்த விதம்தான் தவறு.

சனிக்கிழமை இரவு தம்பி மென்பொருளை மாற்றினார். ஞாயிறு காலை பசியாறும் நேரத்தில் என் தொலைபேசி ஓயவில்லை. "தளம் திறக்கவில்லை, அனுமதி இல்லை என்று வருகிறது" என்று ஆளாளுக்குப் புகார். தம்பி மதியம் வரை உட்கார்ந்து சரி செய்தார். தளம் திறந்தது. வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கைதட்டினோம். நானும்தான்.

பதினொரு நாள் கழித்து எங்கள் பழைய ஆசிரியை ஒருவர் அழைத்தார். வயது எழுபதைத் தாண்டியவர். "ரொம்ப நன்றிம்மா. முன்னெல்லாம் அந்தப் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது. இப்பத் தட்டுனா நேரா பட்டியல் வந்துடுது. ரொம்ப வசதியா இருக்கு" என்றார்.

எனக்குக் கை நடுங்கியது. பதினொரு நாளாக அந்தப் பட்டியலுக்குப் பூட்டே இல்லை.

இரண்டு விதமாக உடைந்தது

என்ன நடந்தது என்பதை எனக்குப் புரிந்த வழியில் சொல்கிறேன். உங்கள் தாமானுக்குப் புதிய காவலாளி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய காவலாளிக்காக நீங்கள் எழுதி வைத்த குறிப்புகள் காவல் கூண்டில் இருக்கின்றன. புதியவருக்கு அந்தக் குறிப்புகளைப் படிக்கத் தெரியவில்லை. அவர் செய்யக்கூடியது இரண்டுதான். யாரையும் உள்ளே விடாமல் நிறுத்தலாம், அல்லது குறிப்பே இல்லாதது போல எல்லாரையும் விடலாம். எங்களுக்கு இரண்டும் ஒன்றாக நடந்தது.

முதலாவது, நிறுத்தியது. பழைய 2.2இல் யார் உள்ளே வரலாம் என்பதை 'ஆர்டர்', 'அலவ்', 'டினை' என்ற மூன்று சொற்களால் எழுதுவார்கள். எந்தச் சொல்லை முன்னால் எழுதுகிறோம், எதைப் பின்னால் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துப் பொருளே மாறிவிடும். கைதேர்ந்தவர்களும் அதில் தடுமாறியிருக்கிறார்கள். 2.4இல் அதை எளிமையாக்கி, 'ரிக்வயர்' என்ற ஒரே சொல்லின் கீழ் கொண்டுவந்தார்கள். 'ரிக்வயர் ஆல் கிராண்டட்' என்றால் எல்லாரும் வரலாம். 'ரிக்வயர் ஆல் டினைட்' என்றால் யாரும் வர முடியாது. பழைய சொற்களைப் புரிந்துகொள்ள ஒரு துணைப் பகுதி தனியாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் செர்வர் தொடங்கவே தொடங்காது. இருந்தாலும், பழையதையும் புதியதையும் கலந்து எழுதினால் விபரீதம். எங்கள் புதிய தலைமைக் கோப்பு 'யாரும் வரக்கூடாது' என்றது. எங்கள் பழைய கோப்பு பழைய மொழியில் 'எல்லாரும் வரலாம்' என்றது. புதிய சொல்லே வென்றது. அதனால்தான் ஞாயிறு காலை அத்தனை பேருக்கும் 403 என்ற எண் வந்தது.

இரண்டாவது, விட்டுவிட்டது. எங்கள் உறுப்பினர் பகுதியின் கடவுச்சொல் ஏற்பாடு, அந்த அடைவுக்குள்ளேயே 'ஹெச்டிஅக்சஸ்' என்ற சிறு கோப்பில் இருந்தது. தலைமைக் கோப்பில் வேறு எதுவும் சொல்லாவிட்டால், 2.2 அந்தச் சிறு கோப்பைத் தேடிப் படித்து அதன்படி நடக்கும். 2.4இல் இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். தலைமைக் கோப்பில் 'அலவ் ஓவர்ரைடு' என்ற வரியால் அனுமதி கொடுத்தால்தான் சிறு கோப்பைப் பார்க்கும். இதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு முறை யாராவது ஒரு பக்கம் கேட்கும்போதும் அடைவு அடைவாக அந்தக் கோப்பைத் தேடுவது நேர விரயம், பாதுகாப்புக்கும் நல்லதல்ல. நல்ல எண்ணத்தில் செய்த மாற்றம்தான். ஆனால் எங்கள் தலைமைக் கோப்பில் அந்த வரியே இல்லை. பழைய வழக்கத்தை நம்பியே இத்தனை காலம் ஓடியிருக்கிறது.

இதில் வேதனை என்னவென்றால், முதல் கோளாறு கத்தியது. காலையிலேயே ஊரைக் கூட்டியது. இரண்டாவது கோளாறு வாயே திறக்கவில்லை. பிழைச் செய்தி இல்லை, பதிவேட்டில் ஒரு வரி இல்லை. பக்கம் அழகாகத் திறந்தது. தளம் திறக்கிறதா என்று அன்று நூறு பேர் பார்த்தோம். பூட்டியிருக்க வேண்டியது பூட்டியிருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அப்படியானால் மாற்றாமலே இருக்கலாமா?

"எதற்கு வம்பு? ஓடுகிற வண்டியை ஏன் நோண்ட வேண்டும்?" என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவின் ஈக்குவிஃபாக்ஸ் நிறுவனத்துக்கு நடந்ததைக் கேளுங்கள். மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் நிறுவனம் அது. அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற வேறொரு மென்பொருளில் ஓர் ஓட்டை இருப்பது 2017 மார்ச்சில் தெரிய வந்தது, அதை அடைக்கும் திருத்தமும் அப்போதே வந்தது. அவர்களின் ஒரு தளத்தில் அந்தத் திருத்தம் போடப்படவில்லை. மே மாதத்தில் நுழைந்த திருடர்கள் ஜூலை இறுதி வரை உள்ளேயே இருந்தார்கள். ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின.

அத்தனை நாள் ஏன் தெரியவில்லை? போக்குவரத்தைக் கண்காணிக்க வைத்திருந்த கருவியின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கருவி இருந்தது, கண் இல்லை. அதுவும் கத்தவில்லை. மாற்றாமல் இருப்பது பாதுகாப்பல்ல என்பதற்கும், வேலை செய்யாத பாதுகாப்பு வெளியே தெரிவதில்லை என்பதற்கும் இந்த ஒரு சம்பவமே போதும்.

நாங்கள் இப்போது செய்வது

அந்தப் பாடத்துக்குப் பிறகு எங்கள் சங்கத்தில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். பள்ளி, கோயில், சங்கம், சிறு வியாபாரம் என எந்தத் தளம் வைத்திருப்பவருக்கும் இது உதவும்.

முதலில், மாற்றுவதற்கு முன்பே ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். எல்லாரும் பார்க்க வேண்டிய பக்கங்கள் எவை, யாரும் பார்க்கக்கூடாத பக்கங்கள் எவை. இதற்குக் கணினி அறிவு வேண்டாம். பொறுப்பில் இருப்பவர்தான் இதை எழுத வேண்டும், தொழில்நுட்பரிடம் தள்ளிவிடக்கூடாது. பழைய அமைப்புக் கோப்புகளை நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 2.2இலிருந்து 2.4க்கு மாறுகிறவர்களுக்காக என்னென்ன மாறியிருக்கிறது என்று அப்பாச்சிக்காரர்களே ஒரு வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். அதை முன்பே படித்திருந்தால் இந்த உரைக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்து, அமைப்பைச் சோதிக்கும் கட்டளை 'சரி' என்று சொன்னால் அதோடு திருப்தி அடைய வேண்டாம். அது இலக்கணத்தை மட்டும் பார்க்கும். எழுதியது நீங்கள் நினைத்த பொருள்தானா என்று அதற்குத் தெரியாது.

தளம் திறக்கவில்லை என்றால் முதலில் பிழைப் பதிவேட்டைப் படிக்க வேண்டும். செர்வரின் அமைப்பே தடுத்ததா, வேறு காரணமா என்று அதில் இருக்கும். நாலு பக்கமும் அழைப்பு வரும்போது, 'எல்லாரும் வரலாம்' என்ற வரியைத் தளம் முழுவதற்கும் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். எந்தக் கதவு அடைபட்டதோ அதை மட்டும் திறங்கள்.

கடைசியாக, முக்கியமானது. வெளியில் இருந்து சோதியுங்கள். எங்கள் தம்பி தன் கணினியில் பார்த்தபோது கடவுச்சொல் கேட்கவில்லை. உலாவி முன்பே நினைவில் வைத்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். ஆகவே, தளத்தை நிர்வகிக்காத ஒருவரின் கைப்பேசியில், வீட்டு வைஃபையை நிறுத்திவிட்டு, பூட்டியிருக்க வேண்டிய ஒவ்வொரு முகவரியையும் தட்டிப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டு நின்றால், அல்லது 401, 403 என்று வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். பக்கம் திறந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மாற்ற முடியாத எண்

எங்கள் கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். ஆசிரியை அழைத்த அன்றே அந்தப் பகுதியை முழுதாக மூடினோம். செர்வரின் வருகைப் பதிவேட்டை நகல் எடுத்தோம். அந்தப் பதினொரு நாளில் எங்களுக்குத் தெரியாத சில முகவரிகளில் இருந்து அந்தப் பட்டியலை எடுத்திருந்தது தெரிந்தது. யார், எதற்கு என்பது இன்றுவரை தெரியாது.

"வெளியே சொல்ல வேண்டாம், சங்கத்துக்குக் கெட்ட பெயர்" என்றார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. உறுப்பினர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதினோம். வயதானவர்களை நானே தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். பலர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். ஒரு பெரியவர் மட்டும் திட்டவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா. பாஸ்வேர்டை மாத்திடலாம். என் ஐ.சி. நம்பரை மாத்த முடியுமா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. நம் அடையாள அட்டையில் உள்ள பன்னிரண்டு இலக்க எண்ணின் முதல் ஆறு இலக்கம் நாம் பிறந்த தேதி. வங்கி, மருத்துவமனை, அரசாங்க அலுவலகம், எங்கே போனாலும் அதைத்தான் கேட்கிறார்கள். வெளியே போனது போனதுதான். நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகளுக்கான சட்டம் என்று சங்கங்கள் சாக்குச் சொல்லலாம். அந்தப் பெரியவரிடம் அந்தச் சாக்கைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்று எங்கள் தளத்தில் அடையாள அட்டை எண்ணே இல்லை. சங்கத்துக்கு அது தேவையே இல்லை என்பது அதை இழந்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த முறை உங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்பவர், "எல்லாம் மாற்றியாகிவிட்டது, நன்றாகத் திறக்கிறது" என்று சொன்னால், நன்றி சொல்லுங்கள். கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: "திறக்கக்கூடாதது திறக்கவில்லையே?"