கையுறை எங்கே?

களை எடுக்க ஆள் கிடைக்கலை, மருந்து அடிக்கிறோம். தப்புன்னு சொல்ல நான் வரலை. ஆனா அடிக்கிறவர் தோலைப் பாருங்க. பாராகுவாட் பட்ட இடம் வெந்துபோகும். புண் வழியா உள்ளே இறங்கும். அதை முறிக்க மருந்தே கிடையாது. கேரளா 2011-லேயே தடை போட்டது.

ஒருத்தருக்கு ஒண்ணும் செய்யாத மருந்து இன்னொருத்தருக்குத் தடிப்பாக் கிளம்பும். நோஞ்சான்னு கேலி பேசாம, தெளிப்பு வேலையிலிருந்து அவரை விலக்கி வையுங்க. ஒழுகுற டேங்கை முதுகில் ஏத்தாதீங்க. காத்துக்கு எதிரா அடிக்காதீங்க. நனைஞ்ச சட்டையை உடனே கழற்றி, சோப்புப் போட்டுக் குளிங்க. பீடி, வெற்றிலையெல்லாம் அதுக்கப்புறம்தான்.

தெளிக்கிறவருக்குப் பாதுகாப்பு உடை வேணும்னு 1971-லேயே விதி எழுதியாச்சு. கடையில் கேட்டா சிரிக்கிறாங்க. கையுறை, முகமூடி, கண்ணாடியை வேளாண்மைத் துறை மானியத்தில் கொடுக்கணும். திங்கட்கிழமை மனுநாள். ஒழுகுற டேங்கோடவே கலெக்டர் ஆபீசுக்கு வாங்க!