இறைச்சியை விட்டவர்களின் கவனத்திற்கு



சர்க்கரை, கொழுப்பு என்று மருத்துவர் எச்சரித்ததும் நம் பெரியவர்களுள் சிலர் இறைச்சியை அறவே விட்டுவிடுகின்றனர். கீரையும் பருப்பும் சுண்டலும் உடலுக்கு நல்லவையே. நோன்புக் கஞ்சிக்கும் கறி கட்டாயமன்று! ஆயினும் வைட்டமின் பி12 காய்கறி, தானியங்களில் இல்லை. நாளொன்றுக்குத் தேவை சுமார் 2.4 மைக்ரோகிராம்தான். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை வெளிப்பட ஆண்டுகள் ஆகும். சர்க்கரைக்கு நெடுங்காலம் உட்கொள்ளும் மெட்ஃபார்மின் மாத்திரையும் இச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும். பின்னர் பாதம் மரத்துப்போகும், மறதி வரும். அதனைச் சர்க்கரையின் வேலை, முதுமையின் வேலை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். நாள்பட்டால் நரம்புப் பாதிப்பு மீளாமலும் போகலாம்.

பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றில் இச்சத்து உண்டு. அவற்றையும் தவிர்ப்போர் ஜெலட்டின் உறையில்லாத மாத்திரையைக் கேட்டு வாங்கலாம். மெட்ஃபார்மினைத் தாமாக நிறுத்தலாகாது. அடுத்த இரத்தப் பரிசோதனையின்போது பி12 அளவையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வோம்.