அடியை ஒப்புக்கொள்ளும் மனம்

(பொதுக்கூட்டச் சொற்பொழிவின் சுருக்கம்)



பெண்ஜாதியை அடிப்பது அக்கிரமம் என்று நாம் சொன்னால், "பெண்களே ஒப்புக்கொள்ளும்போது உமக்கென்ன வந்தது?" என்று சிலர் கேட்கிறார்கள். இதற்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

அவர்கள் சொல்வது முழுப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். 2019-21-ல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கில், சொல்லாமல் வெளியே போனால், எதிர்த்துப் பேசினால், சமையல் கெட்டால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் என்பன போன்ற ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றில் எதற்காவது புருஷன் அடிப்பது நியாயமா என்று கேட்டார்கள். இந்தியா முழுவதிலும் பெண்களில் 100-க்கு 45 பேர் ஏதாவதொரு காரணத்துக்கு நியாயம் என்றார்கள். ஆண்களில் 44 பேர் அப்படியே சொன்னார்கள்.

அடிக்கிறவனும் அடிபடுகிறவளும் ஒரே பதிலைச் சொல்வானேன்? இருவரும் பாடம் படித்த பள்ளிக்கூடம் ஒன்றே என்பதல்லாமல் வேறென்ன? "கல்லானாலும் கணவன்" என்று பெண்ணுக்குத் தொட்டிலிலேயே ஓதுகிறோம். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்கிறோம். அடிபட்டுத் தாய் வீடு வந்தவளை, "உன் தலைவிதி, பொறுத்துப் போ" என்று மறுநாளே வண்டியேற்றி அனுப்புகிறோம். போக்கிடமில்லாதவள் அடியை நியாயமென்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளாமல் என்ன செய்வாள்? இதற்குப் பெயர் சம்மதமா?

ஓட்டலில் சாம்பார் தீய்ந்தால் சமையற்காரனை முதலாளி அடிக்கத் துணிவானா? சம்பளமின்றி ஆயுள் முழுதும் சமைக்கிறவளை மட்டும் அடிக்கலாமென்றால், அவள் கூலியாளுக்கும் கீழானவளா? யோசித்துப் பாருங்கள்!

இந்த மனம் மாறாது என்று மலைக்க வேண்டியதில்லை. 2015-16 கணக்கில் நியாயமென்ற பெண்கள் 100-க்கு 52 பேர். அடுத்த கணக்கில் 45. பிறவிக் குணமானால் குறையுமா? கற்பித்ததுதான், ஆகையால் மறக்கடிக்கவும் முடியும்.

தாய்மார்களே! 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, அடிப்பவனைத் தடுக்கவும், உங்களை வீட்டைவிட்டுத் துரத்தாதிருக்கவும் கோர்ட்டு உத்தரவு பெறலாம். 181 என்ற எண்ணில் டெலிபோனில் உதவி கேட்கலாம். இருந்தும், 2019-21 கணக்குப்படி, அடியோ பலாத்காரமோ அனுபவித்த பெண்களில் 100-க்கு 77 பேர் உதவி தேடவுமில்லை, ஒருவரிடமும் சொல்லவுமில்லை.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் கேட்பாரில்லை என்பதால்தான். ஆகவே பெற்றோர்களே! உங்கள் மகள் அடிபட்டு வந்து நின்றால் கதவைத் திறவுங்கள். "திரும்பிப் போ" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தை நின்றால், அடி நியாயமென்று சொல்லவேண்டிய அவசியம் அவளுக்கு இராது என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.