ஆளுக்கு முன்னம் செய்தி போகவேணும்
(எமது சங்கத்தின் முதியோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். அங்கே தனியாக ஒரு சிவப்புத் தொலைபேசி உண்டு. அது அடித்தால், கடுமையான நிலையில் ஒருவரை ஏற்றிக்கொண்டு அம்புலன்ஸ் வருகிறது என்று அர்த்தம்.

காயப்பட்ட ஆள் என்றால், அம்புலன்ஸ் ஊழியர் ஆறு விஷயங்களைச் சொல்லுவார். வயது, காயப்பட்ட நேரம், எப்படிக் காயப்பட்டவர், எங்கெங்கே காயம், நாடியும் மூச்சும் நினைவும் எப்படி, இதுவரை என்ன சிகிச்சை கொடுத்தது. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறிய செய்தியோடு மயக்கமருந்து டொக்டர், சத்திரசிகிச்சை டொக்டர், எக்ஸ்றே எடுப்பவர், தாதிமார் எல்லாரும் வந்து தங்கள் இடங்களில் நிற்பார்கள். ரத்தம் தயாராகும். ஸ்கான் அறைக்கு அறிவித்தல் போகும்.

ஊரில் யுத்த காலத்தில் காயப்பட்டவரை லான்ட்மாஸ்டரிலும் சைக்கிளிலும் கொண்டு ஓடினது உங்களுக்குத் தெரியும். ஆள் வாசலுக்கு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே விஷயம் தெரியும். இங்கே அந்த நிமிஷங்களை மிச்சம் பிடிக்கிறார்கள்.

நிமிஷத்தில் என்ன இருக்கு என்று கேட்பீர்கள். 40 நாடுகளில் 20,000-க்கு மேற்பட்ட காயக்காரரிடம் செய்த ஓர் ஆய்வு 2010 இல் வெளிவந்தது. ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரனெக்சாமிக் அசிட் என்ற மருந்தை 3 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் உயிர் தப்பும் வாய்ப்புக் கூடும்; அதற்குப் பிந்தினால் பலனில்லை, தீமையும் வரலாம் என்று அதன் முடிவுகள் காட்டின. அதுதான் விழுந்த நேரத்தைக் கேட்கிறார்கள்.

இனி எங்கட வீட்டு விஷயம். பாரிய காயம் என்றால் கார் விபத்து, கத்திக்குத்து என்றுதான் நினைப்போம். ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் ஆஸ்பத்திரிகளின் பதிவுகளை வைத்து 2017 இல் வந்த அறிக்கை வேறு கதை சொல்லுது. வயதானவர்களின் பாரிய காயங்களுக்கு முதற்காரணம், 2 மீற்றருக்குக் குறைந்த உயரத்திலிருந்து விழுவது. அதாவது மாடிப்படி, குளியலறை, கட்டில். பார்வைக்குச் சின்ன விழுகை என்றபடியால் முன்செய்தி போகாமல் விடலாம்.

எங்கட அம்மாமார் என்ன சொல்லுவினம்? "ஒண்டுமில்லைப் பிள்ளை, கால் சறுக்கிப்போச்சுது." வந்தவருக்குத் தேத்தண்ணியும் போடச் சொல்லுவினம்! சில பிரஷர் குளிசை எடுக்கிற ஆக்களுக்கு, உள்ளே ரத்தம் போனாலும் நாடி வேகமாகாது. அம்மாவும் நோவை மறைத்து, நாடியும் மறைத்தால், அம்புலன்ஸ்காரருக்கு எப்படித் தெரியும்?

அதனால் சொல்லுறன், கேளுங்கோ.

999 க்கு அடித்தால் எத்தனையாம் படியிலிருந்து விழுந்தவர், எத்தனை மணிக்கு, தலை அடிபட்டதா, நினைவு தப்பினதா என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ. ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று சொல்லுங்கோ. மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைப்பார்கள்.

வாஃபரின், அபிக்சபான் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கிற குளிசை எடுத்தால் அதை முதலில் சொல்லுங்கோ. முறிப்பு மருந்தை ஆஸ்பத்திரியில் ஆயத்தமாக்கலாம். குளிசைகளின் பெயர்களை எழுதிக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கோ.

பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிக் கொண்டுபோனால் சண்டை பிடியாதேங்கோ. லண்டனில் 2010 இலும் இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் 2012 இலும் பாரிய காயங்களுக்கென்று தனி மையங்கள் ஒழுங்கு செய்யப்பட்டன. லண்டனில் அவை நான்கு: வைற்சப்பலில் றோயல் லண்டன், டென்மார்க் ஹில்லில் கிங்ஸ் கொலிஜ், ரூட்டிங்கில் சென். ஜோர்ஜ்ஸ், படிங்டனில் சென். மேரீஸ்.

விசா முடிவு வராதவர்களும் பயப்படத் தேவையில்லை. இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்கு எவரிடமும் காசு கேட்பதில்லை.

அம்புலன்ஸ்காரர் எங்களுக்குச் சொல்லும் செய்தியின் முதல் வரி உங்கள் வாயிலிருந்துதான் வருகிறது. "ஒண்டுமில்லை" என்று அதைத் தொடங்காதேங்கோ.