கருவிக்கும் இலக்கணம் வேண்டும்



குமுகாய ஊடகங்களில் மக்கள் எழுதுவனவற்றைத் தேடியெடுத்துத் தரும் கருவிகள் பெருகிவிட்டன. அவற்றை இயக்குவது செய்யறிவு முகவர் என்னும் மென்பொருள். கருவியோடு எழுதி வைத்த விளக்கக் குறிப்பைப் படித்தே அஃது இயக்குகின்றது. குறிப்பில் குறையிருப்பின் வினையிலும் குறையிருக்கும்.

இவ்வூர்ப் பெயரையே எடுத்துக்கொள்க. மேல்பட்டாம்பாக்கம் என்பதை மேற்பட்டாம்பாக்கம் எனப் புணர்த்தும் எழுதலாம். 'இல்' உருபு சேரின், ஈற்று மகரம் கெட்டு அத்துச் சாரியை பெற்று, மேல்பட்டாம்பாக்கத்தில் என்றாகும். எழுத்துக்கெழுத்து ஒப்பிடும் கருவிக்கு இம்மூன்றும் வேறுவேறு சொற்கள். 'கொ' என்பதன் ஒகரக் குறியையும் ஒருங்குறியில் ஒற்றைக் குறியாகவோ, கொம்பும் காலுமாகிய இரு குறிகளாகவோ பதியலாம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் சிக்கலன்று. 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கடலூர் மாவட்டம் நைந்தபோது, முகநூலிலும், 2023 முதல் எக்ஸ் எனப்படும் கீச்சகத்திலும் மக்கள் உதவி வேண்டி எழுதினர். அத்தகு நாள் மீண்டும் வரின், 'மேல்பட்டாம்பாக்கத்தில் வெள்ளம்' என்னும் கூக்குரலை, 'மேல்பட்டாம்பாக்கம்' என்று மட்டும் தேடும் கருவி தவறவிடும். 'செய்தி ஏதுமில்லை' என்று முகவர் அறிவிக்கும். படகு வேற்றூர் செல்லும்.

ஆகவே விளக்கக் குறிப்பு நான்கனைத் தெளிவாகக் கூறல் வேண்டும்: எத்தளத்தில், எந்நாள் முதல் எந்நாள் வரை தேடும், உருபேற்ற சொல்லையும் புணர்ந்த சொல்லையும் கண்டுகொள்ளுமா, செய்தி இல்லாமையையும் கருவி இயங்காமையையும் எவ்வாறு பிரித்துக் காட்டும், ஒருவரின் தனிமடலைத் தொடாமல் விலகி நிற்குமா.

இவற்றுள் இரண்டாவதை எழுதத் தமிழிலக்கணம் அறிந்தோர் வேண்டும். தமிழ் கற்ற கணிஞர்களே! தொல்காப்பியம் வகுத்த புணர்ச்சி நெறி ஏட்டில் உறங்கலாகாது. கருவியின் குறிப்பில் அதனை ஏற்றுக!